கீழ்ப்படியில் தொடங்கிய முழங்கால்: பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டு உடற்பயிற்சி மெஷின், ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 61 வயதுப் பெண். தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் ஒரு கிராமம். குடும்பத்துக்குக் கொஞ்சம் மல்பெரித் தோட்டமும் வீட்டை ஒட்டிப் பட்டுப்புழு வளர்க்கும் ஒரு புழு மனையும் இருக்கின்றன. இரண்டு முழங்காலிலும் நாலு வருடமாக வலி. வலது காலில் அதிகம். சர்க்கரை நோய் எட்டு வருடம். எடை 68 கிலோ, உயரம் 152 செ.மீ. சர்க்கரை மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

அவரும் மகனும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டிருக்கிறேன்.

அவர் சொன்ன குறை இது: "குந்துனா எழ முடியல கண்ணு. பஸ் படியில கால வெச்சா மேல தூக்க மாட்டேங்குது." இரண்டுமே தொடைத் தசையின் வேலை. எலும்பு மூட்டு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து நடுத்தர அளவு மூட்டுத் தேய்மானம் என்று எழுதியிருந்தார். வலி மாத்திரை, தைலம், நீக்கேப் எல்லாம் ஆகிவிட்டது. 'நடங்கள்' என்று எல்லோரும் சொன்னதால் நடந்தும் பார்த்திருக்கிறார். நடந்த நாளின் இரவு வலி கூடியதால் நிறுத்திவிட்டார்.

வீட்டில் ஒரு மெஷின் இருந்தது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன், தனக்காக ஆன்லைனில் வாங்கியது. சாய்வாக நிற்கும் இரண்டு தண்டவாளம், அதில் சக்கரத்தோடு ஓடும் ஒரு பலகை, கீழ் முனையில் கால் மிதி, மேல் முனையில் கப்பியும் கயிறும் கைப்பிடியும். மடித்தால் பீரோவுக்குப் பின்னால் போய்விடும். கொஞ்ச நாள் செய்துவிட்டு மகன் விட்டுவிட்டார். அம்மாவுக்கு இது ஆகுமா என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆகும் என்றுதான் சொன்னேன். ஏன் என்று சொல்வதற்கு முன், தொடங்கும்போது பார்த்த விஷயங்கள்.

முதல் பரிசோதனை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மூட்டு வலி, முதுகுப் பிடிப்பு என்று யார் வந்தாலும் தண்ணீரைக் கேட்காமல் நான் தசையைத் தொடுவதில்லை. இங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வருடக்கணக்கில் அதிகமாகக் குடித்தால் அது எலும்பிலும் தசைநார்களிலும் படிந்து கழுத்தும் முதுகும் மரக்கட்டை போலாகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்ததற்கு இதுவே பெரிய காரணம். ஆனால் அறுபது வயதுக்காரர் ஒருவர் தன் வாழ்நாளின் பெரும்பகுதி குடித்தது போர் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தானே.

இவருக்குப் பல்லில் பழுப்புக் கோடுகள் இருந்தன. பல் உருவாகும் வயதில் புளோரைடு உடம்பில் சேர்ந்ததற்கு அது அடையாளம். அதனால் எளிய மூன்று சோதனைகளையும் செய்தேன்: தாடையை நெஞ்சில் தொடுவது, இரண்டு கையையும் பின்னந்தலையில் கோத்துக்கொள்வது, முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் இருக்கும் காசை எடுப்பது. முதல் இரண்டும் வந்தன. காசு எடுக்கும்போது விரல் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றது. எலும்பு மூட்டு மருத்துவரிடம் திருப்பி அனுப்பினோம். அவர் முன்கையையும் இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, புளோரைடு படிவு தெரியவில்லை, தசை இறுக்கம்தான் என்றார். அதன் பிறகே பயிற்சி. இந்தப் படியைத் தாண்டிப் போகிற பிசியோக்களும் ஜிம் மாஸ்டர்களும் நம் மாவட்டத்தில் உண்டு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். புளோரைடு ஏறி இறுகிய முதுகை வலுக்கட்டாயமாக வளைத்தால் நரம்பு பாதிக்கப்படலாம்.

அடுத்து நாற்காலிச் சோதனை. கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு 12-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு. இவருக்கு 6. ஆறாவது தடவையில் வலது குதிகால் தரையை விட்டு மேலே வந்துவிட்டது. முழு எடையும் இடது காலில். வலி பத்துக்கு ஏழு. வலது முழங்கால் 105 டிகிரி வரைதான் மடங்கியது.

பாதத்தில் உணர்ச்சி சரியாக இருந்தது. ரத்த அழுத்தம் 140/86. பயிற்சிக்கு மருத்துவரிடம் அனுமதி வாங்கினோம்.

சாய்வின் கணக்கு

இந்த வகை மெஷின் புதிதல்ல. அமெரிக்காவில் 'டோட்டல் ஜிம்' நிறுவனம் 1974-ல் தொடங்கியது. பிறகு நடிகர் சக் நாரிஸ், மாடல் கிறிஸ்டி பிரிங்க்லி நடித்த டிவி விளம்பரங்கள் வழியாக வீடுகளுக்குப் பரவியது. இன்று நம் ஊருக்கு வரும் சின்ன மெஷின்களும் இதே தத்துவத்தில் வேலை செய்பவைதான். எடைக்கட்டி கிடையாது. எடை என்பது நம் உடம்பு. அதில் எவ்வளவு பங்கு வேலை செய்ய வேண்டும் என்பதைச் சாய்வு தீர்மானிக்கிறது.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் பீப்பாயை லாரியில் ஏற்றப் பலகை சாய்ப்பார்களே, அதே கணக்கு. பலகை தாழ்வாக இருந்தால் உருட்டுவது சுலபம். செங்குத்தாக ஆக ஆகப் பாரம் கூடும். கணக்கில் சொன்னால், மொத்த எடையைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். இந்த மெஷினில் சாய்வை மாற்ற ஆறு படிகள். மொபைலில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப்பைத் தண்டவாளத்தின் மேல் வைத்து அளந்தோம்: 10, 14, 18, 22, 26, 30 டிகிரி. இவர் எடை 68, ஓடும் பலகை 7, ஆக 75 கிலோ. முதல் படியில் கால் தள்ளுவது சுமார் 13 கிலோ. இரண்டில் 18, மூன்றில் 23, நாலில் 28, ஐந்தில் 33, ஆறாவது படியில் 37.5, அதாவது சரியாகப் பாதி.

நாற்காலியிலிருந்து எழும்போது முழங்காலுக்குக் கீழே உள்ள பாகம் போக மற்ற எடை முழுவதையும் இவர் தூக்க வேண்டும். கிட்டத்தட்ட 60 கிலோ. அதைத்தான் ஆறு தடவைக்கு மேல் முடியாமல் விட்டார். அதே அசைவை 13 கிலோவில் செய்யக் கொடுத்தால்?

நான் இந்த மெஷினுக்கு ஆம் சொன்னதற்குக் காரணம் இது ஒன்றே. பெட்டியோடு வந்த தாளில் ஒரு வாலிபர் உச்சிப் படியில் தொங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இது தேவையே இல்லை. தரையில் தண்டால் எடுக்கலாம். தன் உடம்பைத் தானே தூக்க முடியாதவருக்கு அந்த உடம்பை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுப்பதுதான் இந்தப் பலகையின் பெரிய குணம். வாங்குகிறவர்கள் மேல் படியைப் பார்த்து வாங்குகிறார்கள். நோயாளிக்கு வேண்டியது கீழ்ப்படி.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரே காலால் தள்ளினால் முதல் படியின் 13 கிலோவும் அந்த ஒரு காலுக்கே போகும். இரண்டு காலால் மூன்றாம் படியில் செய்யும்போது ஒரு காலுக்கு வருவது பதினொன்றரைதான். அதாவது ஒற்றைக் காலில் முதல் படி, இரட்டைக் காலில் மூன்றாம் படியை விடக் கடினம். பலவீனமான காலை நல்ல கால் மறைத்துவிடும் இவர் போன்றவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மெஷினில் ஏறுவது

எதிர்பாராத இடத்தில்தான் சிக்கல் வந்தது. முதல் படியில் வைத்தால் பலகையின் கீழ் முனை தரையிலிருந்து ஒரு அடிதான். குந்தி எழ முடியாதவர் ஒரு அடி உயரத்தில் உட்கார்ந்து படுத்து மறுபடி எழ வேண்டும். பயிற்சியை விட அதுதான் கஷ்டம். அதோடு, உட்கார்ந்தவர் காலால் தரையை உந்தினால் பலகை மேல்பக்கம் நழுவும். விழுந்தால் இடுப்பு போச்சு.

திண்ணை உதவியது. ஒன்றரை அடி உயரமுள்ள திண்ணை ஓரத்தை ஒட்டி மெஷினைப் போட்டோம். அவர் திண்ணை விளிம்பில் உட்கார்ந்து, பின்புறத்தைப் பக்கவாட்டில் பலகைக்கு நகர்த்தி, பிறகு படுப்பார். மருமகள் பலகையைப் பிடித்துக்கொள்வார். இறங்கும்போது அதே வழி திரும்ப. ஜன்னல் கம்பி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அப்புறம் சேலை. பலகை ஓடும்போது முந்தானை சக்கரத்தில் சிக்கும். முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு நைட்டியைத் தொடையோடு சேர்த்து ஒரு துண்டால் கட்டச் சொன்னேன். பேரக் குழந்தை தண்டவாளத்தில் விரல் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் வீட்டில் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். சின்ன விரல் நசுங்க ஒரு நொடி போதும்.

மூன்றாவது விஷயம் அவரே கண்டுபிடித்தது. "போறப்ப கெட்டியா இருக்குது, வர்றப்ப லேசா இருக்குது கண்ணு, ஒரே மாதிரி இல்ல." தண்டவாளத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன், வெள்ளையாக ஒட்டியது. புழுப் படுக்கையில் தூவும் சுண்ணாம்புத் தூள் காற்றில் வந்து படிந்திருந்தது. சக்கரம் உராய்ந்தால் தள்ளும்போது பாரம் கூடும், திரும்பும்போது குறையும். நிதானமாகத் திரும்பி வரும் பாதியும் தசைக்குப் பயிற்சிதான். அது லேசாகிவிட்டால் பயன் குறையும். காய்ந்த துணியால் துடைத்ததும் சரியாகிவிட்டது. எண்ணெய் போட வேண்டாம் என்றேன்; எண்ணெய்க்கு இன்னும் தூசி ஒட்டும்.

பயிற்சி

வாரம் மூன்று நாள். முதல் படி, இரண்டு கால், முழங்கால் 60 டிகிரி மடங்கும் வரை மட்டும். பத்துத் தடவை, இரண்டு செட். இரண்டு எண்ணித் தள்ளு, மூன்று எண்ணித் திரும்பு. மூச்சை அடக்கக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறும். அதனால் வாய்விட்டு எண்ணச் சொன்னேன், எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது.

வலிக்கு ஒரு விதி. செய்யும்போது பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம், ஆனால் மறுநாள் காலையில் பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அடுத்த முறை ஒரு படி குறைக்க வேண்டும். வலித்தால் மூட்டு தேய்கிறது என்ற பயம் நம் ஆட்களுக்கு ரொம்ப உண்டு. அந்தப் பயத்தில் காலை அசைக்காமல் வைத்திருப்பதால் தசை கரைகிறது, தசை கரைவதால் மூட்டுக்குப் பாரம் கூடுகிறது. இந்த விதியை மருமகள் காலண்டரில் எழுதி வைத்தார். அவர்தான் இந்தச் சிகிச்சையின் பாதி.

முதல் வாரத்தில் ஒரு நாள் தலைசுற்றல். விடியற்காலையில் புழுவுக்குத் தழை போட்டுவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு, எதுவும் சாப்பிடாமல் பலகையில் படுத்திருக்கிறார். அவர் எடுப்பதில் கிளிமிபிரைடும் ஒன்று. அது வெறும் வயிற்றில் சர்க்கரையை இறக்கிவிடும். பயிற்சியைக் கேழ்வரகுக் கூழ் குடித்து ஒரு மணி நேரம் கழித்து என்று மாற்றினோம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்ததால், 100-க்குக் கீழே காட்டினால் முதலில் ஏதாவது சாப்பிடு, பிறகுதான் மெஷின் என்று வைத்தோம். அதன் பிறகு தலைசுற்றல் வரவில்லை.

மூன்றாம் வாரம் வலது காலுக்குத் தனிக் கவனம். இரண்டு காலாலும் தள்ளி, திரும்பும்போது இடது காலை எடுத்துவிட்டு வலது காலால் மட்டும் இறங்குவது. இதில் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டியவை மூன்று: குதிகால் மிதியை விட்டு எழுகிறதா, முழங்கால் சில்லு உள்பக்கம் சாய்கிறதா, கால் விரல்கள் கொக்கி போல மடங்குகின்றனவா. இவருக்கு மூன்றும் நடந்தன. சில்லு இரண்டாம் விரலுக்கு நேராக நிற்கும்படி மருமகள் விரலால் தொட்டுக் காட்டுவார். இரண்டு வாரத்தில் தொடாமலே நேராக நின்றது.

கைக்குக் கப்பிக் கயிறு. பலகையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுப்பது. பலகையோடு இணைந்த கப்பி பாரத்தைப் பாதியாக்குவதால் முதல் படியில் இரண்டு கைக்கும் சேர்த்தே ஆறரை கிலோதான். இடது தோள் சற்று இறுகியிருந்தது, சர்க்கரை நோயாளிகளுக்கு இது அடிக்கடி வருவது. தோளுக்கு இதமாக இருந்தது என்றார். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆறாம் வாரம்

ஐந்தாம் வாரம் மூன்றாம் படிக்கு வந்துவிட்டார். ஆறாம் வாரம் வலது முழங்கால் வீங்கியது.

இரண்டு காரணங்கள் ஒன்றாக வந்தன. விடுமுறைக்கு வந்த மகன், அம்மாவுக்கு நன்றாக வருகிறதே என்று ஆசையாக ஆறாம் படிக்கு ஏற்றிவிட்டார். 23 கிலோவிலிருந்து ஒரே தாவில் 37.5. அதோடு அது புழுவின் ஐந்தாம் பருவம், கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவம். பட்டுப்புழு வளர்த்தவர்களுக்குத் தெரியும், கடைசி ஏழு நாளில்தான் அது தின்னும் தழையின் பெரும்பங்கும் போகும். அம்மா நாள் முழுதும் தழைக்கட்டைத் தூக்கிக்கொண்டு நின்றபடி இருந்திருக்கிறார். அந்த வாரம் மெஷினே வேண்டியதில்லை. தோட்டமே போதுமான பயிற்சி.

மகனிடம் கோபப்படவில்லை. "தம்பி, வலிமை ஏறுவது பலகையில் இல்லை, ஓய்வு நாளில். நீங்கள் படி ஏற்றினால் அவர் மறுக்க மாட்டார், மகன் சொன்னதாயிற்றே" என்றேன். புரிந்துகொண்டார். மூன்றாம் படிக்கு மேல் ஏறாதபடி, சாய்வை மாற்றும் பின்னை ஒரு கயிற்றால் கட்டிவைத்துவிட்டுத்தான் ஓசூர் போனார்.

அதன் பிறகு அட்டவணையைப் புழுவோடு சேர்த்துப் போட்டோம். ஒரு கிராப், அதாவது புழு வளர்க்கும் ஒரு சுற்று, சுமார் 25 நாள். இளம்புழு நாட்களில் வாரம் மூன்று முறை, ஒரு படி கூட்டிப் பார்க்கலாம். நாலாம் பருவத்தில் அதே படி, ஒரு செட் மட்டும். ஐந்தாம் பருவத்தில் கால் பயிற்சி நிறுத்தம். கூடு கட்டவிட்ட பிறகு இரண்டு படி கீழே இறங்கித் திரும்பத் தொடங்குவது. நகரத்து ஜிம்மில் போடும் பன்னிரண்டு வார அட்டவணை இந்த வீட்டில் ஓடாது. விவசாயக் குடும்பத்துக்குப் பயிற்சி எழுதுகிறவர்கள் முதலில் அந்த வீட்டின் வேலைக் காலண்டரைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பலகையிலிருந்து தரைக்கு

ஒன்பதாம் வாரம் முதல் தரைப் பயிற்சியையும் சேர்த்தேன். முதுகு பலகையில் சாய்ந்திருக்கும்வரை உடம்பு சமநிலையைக் கற்றுக்கொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்கள் எல்லோருக்கும் வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி என்றும், 65 தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியோடு சேர்ந்தது வாரம் மூன்று நாள் என்றும் இருக்கிறது. பஸ் படி ஏறுவதும் படுத்துக்கொண்டு செய்யும் வேலை அல்ல.

திண்ணையில் இரண்டு போர்வையை மடித்துப் போட்டு, அதிலிருந்து எழுவது. ஒரு போர்வையை எடுத்துவிட்டு எழுவது. பிறகு வெறும் திண்ணை. இன்னொரு பக்கம் ஒரு செங்கல் உயரத்தில் தொடங்கிப் படி ஏறுவது, பிறகு ஹாலோபிளாக் உயரம். டவுன் பஸ்ஸின் முதல் படி இவர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வருகிறது. ஹாலோபிளாக்குக்கும் அதற்கும் நடுவில் இன்னும் இடைவெளி இருந்தது. ஆனால் அங்கே கைப்பிடிக் கம்பி உண்டு, கையும் சேர்ந்து இழுக்கும். பலகையில் கயிறு இழுத்தது அங்கே உதவியது.

பதினாறாம் வாரம் பார்த்தது

நாற்காலிச் சோதனை 6-லிருந்து 11. சராசரியைத் தொட இன்னும் ஒன்று வேண்டும். வலி ஏழிலிருந்து மூன்று. வலது முழங்கால் மடக்கம் 118 டிகிரி. வலது குதிகால் கடைசித் தடவை வரை தரையிலேயே இருந்தது. எனக்கு எண்ணிக்கையை விட இதுதான் மகிழ்ச்சி. பலகையில் இரண்டு காலுக்கு நாலாம் படி, வலது காலுக்குத் தனியாக முதல் படி எட்டுத் தடவை. பஸ்ஸில் யார் கையையும் பிடிக்காமல் ஏறி தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போய் வந்திருக்கிறார்.

தரையில் முழுதாகக் குந்துவதற்கு நான் முயலவில்லை. தேய்ந்த மூட்டை அவ்வளவு தூரம் மடக்கிப் பாரம் ஏற்றுவதில் லாபம் இல்லை. கழிப்பறையில் மேற்கத்திய இருக்கை வைத்துக்கொண்டார்கள். குலதெய்வப் பொங்கலுக்குத் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தால் போதும் என்று அவரே சொல்லிவிட்டார்.

எடை இரண்டு கிலோ குறைந்தது, மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.4-லிருந்து 7.6-க்கு வந்தது. இதை மெஷின் கணக்கில் எழுத மாட்டேன். நடுவில் மருத்துவர் மாத்திரையை மாற்றினார். வலி குறைந்ததால் அவர் மறுபடி நடக்கவும் தொடங்கியிருந்தார்.

இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு ஒன்று வாங்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். முதலில் நாற்காலியில் எழச் சொல்லி எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு தாண்டினால் நாற்காலியும் சுவரும் மாடிப்படியுமே போதும். ஆறு, ஏழு என்று நின்றால்கூட நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிப் பார்க்கலாம். அதுவும் பாரத்தைக் குறைக்கும் வழிதான். இந்த வீட்டில் மெஷின் ஏற்கெனவே கிடந்தது, தூக்கிப் பிடிக்க மருமகள் இருந்தார், திண்ணை இருந்தது. இவை இல்லாத வீட்டுக்கு நான் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். வாங்கியே ஆக வேண்டுமென்றால் உச்சிப் படி எவ்வளவு என்று பார்க்காதீர்கள். கீழ்ப்படி 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறதா, அந்தப் படியில் பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரம், உங்கள் எடையை அது தாங்குமா என்று பாருங்கள். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள், கால் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிகள், நெஞ்சு வலி உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் இதில் படுக்க வேண்டாம்.

இப்போது அவர் வாரம் இரண்டு நாள் பலகையிலும் மூன்று நாள் திண்ணையிலும் செய்கிறார். அடுத்த கிராப்பின் கூடு இறங்கியதும் நாற்காலிச் சோதனையை மறுபடி எடுக்கிறோம். பன்னிரண்டு வந்துவிட்டால் பலகையை நிறுத்திவிட்டுத் திண்ணையை மட்டும் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. மெஷினை மருமகள் கேட்டிருக்கிறார், இரண்டாம் பிரசவத்துக்குப் பிறகு அவருக்கும் முதுகு வலி. அவருக்கு வேறு பரிசோதனை, வேறு கோணம்.